புத்தகத்தை என் கையில் கொடு

என் மகனுக்கு, மேகம் மலையை விட்டு இறங்கி வாசல்வரை வந்து நிற்கிற ஒரு காலையில் அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். உன் கடிதம் முந்தாநாள் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே, "ஐயரோட அம்மா, கடுதாசி!" என்று கூப்பிட்டார். நம் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதானே சொல்வோம். நீ குருப்பட்டம் வாங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் எனக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது பார். அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன். மேலகரத்துக் கடையில் வெங்காயம் வாங்கப் போனபோது, கடைக்காரர் கேட்காமலே, "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை எம் மவன்தான் நம்ம கோயில்ல ஆராதனை நடத்துதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிவன் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் சந்தோஷப்பட்டு இரண்டு வெங்காயம் கூடப் போட்டார்.

கடிதத்தில் நீ எழுதியிருந்ததெல்லாம் எனக்கு இனிப்புத்தான். பாளையங்கோட்டையிலிருந்து பெண் வீட்டார் அன்றைக்கு வருகிறார்கள், சரி. அவர்களுக்கு மதியச் சாப்பாடு நம் வீட்டில், சரி. எனக்கு நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை வாங்கி வருகிறாய், ரொம்பச் சரி. கடைசியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். "கோயிலுக்கு இரும்பு பீரோ வந்துவிட்டதே அம்மா, இனி வேதபுத்தகத்தை நீங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வரவேண்டாம். மற்ற சபைகளில் இருப்பதுபோல முன்கூட்டியே வாசிக்கிற மேடையில் வைத்துவிடச் சொல்கிறேன். நீங்கள் சம்பந்தியம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருங்கள். நான் அங்கி போட்டு நிற்கும்போது நீங்கள் வேலைக்காரியைப்போல நடந்து வருவதைப் பார்க்க எனக்கு மனம் வராது." இப்படி எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். படித்துவிட்டு முடிவு செய்தேன். நீ சொல்வதை நான் கேட்கப் போவதில்லை.

கோபப்படாதே. காரணம் இருக்கிறது. உனக்குப் பாதி தெரியும். மீதி, நீ ஏழாம் வகுப்பில் இருந்ததால் உன் காதில் விழுந்திருக்காது.

உன் அப்பா இந்தக் கோயிலில் மணி அடித்து, பாய் விரித்து, விளக்குத் துடைத்த கோயில்குட்டி. அவர் காய்ச்சலில் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அந்த வேலையை எனக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் ஒரு மாதம் பேசினார்கள். பொம்பிளை மணிக்கயிற்றை இழுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அந்த ஒரு மாதமும் கயிற்றை இழுத்தது நான்தான் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். கடைசியில் வேலை என்னிடமே தங்கியது. புத்தகத்தைத் தூக்குகிற வழக்கமும் உன் அப்பாவிடமிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சாரல் உனக்குத் தெரியாததல்ல. ஆனியில் தொடங்கினால் சுவரெல்லாம் ஈரம், கோயில் மர அலமாரியில் கறையான். அந்தப் பெரிய வேதபுத்தகத்தின் ஓரம் பூசணம் பூத்துப்போகிறதென்று உன் அப்பா அதை நம் வீட்டு அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் வைக்கத் தொடங்கினார். அடுப்புப் புகை படுகிற இடத்தில் கறையான் வராது, ஈரமும் அண்டாது. கடையநல்லூர்த் தறியில் நெய்த ஒரு சிவப்புத் துணியில் சுற்றி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு, வளாகத்தைத் தாண்டி, கோயில் முகப்பு வழியாக உள்ளே போய்க் குருவானவர் கையில் கொடுப்பேன். பாடம் வாசித்து முடிந்ததும் வாங்கி, திரும்பச் சுற்றி, கடைசிப் பாயில் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவளை யார் பார்ப்பார்கள்?

நீ ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் அருவிச் சீசன் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு ஞாயிறு காலை முதல் மணி அடிக்கிற நேரத்தில் பெரிய மழை பிடித்துக்கொண்டது. அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்சாதி நம் கோயில் முகப்பில் ஒதுங்கினார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும், தலையில் சின்ன வட்டத் தொப்பி. அந்த அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், அதற்காகத்தான் அருவிக் குளியல். பேச்சு மலையாளம் கலந்த பேச்சு. நான் முதலில் கொல்லத்து முஸ்லிம் மாப்பிள்ளைமார் என்று நினைத்தேன். இரண்டாம் மணி அடித்தேன், வீட்டுக்கு ஓடினேன், புத்தகத்தை எடுத்துத் தலைக்குமேல் ஒரு ஓலைத் தடுக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே சங்கீதம் தொடங்கிவிட்டது. குருவானவர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். அல்லேலூயா என்று முடிக்கும்போது அந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

என்னைக் கண்டதும், "அம்மே, கையில் எந்தா?" என்றார்.

"வேதபுஸ்தகம்" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்தார். முழங்கால் வலியோடு அந்த அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் கையை நீட்டினார். பிடுங்கத்தான் வருகிறார் என்று நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் விரல் நுனியால் அந்தச் சிவப்புத் துணியை லேசாகத் தொட்டு, அந்த விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஆராதனை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் வரும் இடமெல்லாம் அவர் உதடும் அசைந்தது.

ஆராதனை முடிந்ததும் அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். எறணாகுளத்துக்காரர், முட்டையும் கோழியும் மொத்தமாக வாங்கி விற்கிறவர். பெயர் ஈசாக்கு, அந்த அம்மா பெயர் எஸ்தர். நான், "பேரெல்லாம் நம்ம பேரால்லா இருக்கு! எந்தச் சபை?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நிங்ஙள் பேரல்ல அம்மே, அது ஞங்ஙள் பேரு. ஞங்ஙள் யூதரா" என்றார். எனக்குக் காப்பித் தம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. யூதர் என்றால் வேதபுத்தகத்துக்குள்ளேதான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். செங்கோட்டை ரயிலில் வந்து இறங்குவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவர்கள் ஜெப ஆலயத்தைப் பள்ளி என்று சொல்வார்களாம். அங்கே எப்படி என்று நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். செருப்பை வெளியே விடுவார்கள், நம்மைப்போல. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நம்மைப்போல. சங்கீதத்தை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஒருவர் ஜெபித்தால் மற்றவர்கள் ஆமென் என்பார்கள். நம் ஆராதனை முடிவில் கூறுகிற ஆரோனின் ஆசீர்வாதம் அங்கேயும் உண்டு. வேதத்தைத் தோல் சுருளில் எழுதி, உறைக்குள் வைத்து, ஒரு பெட்டியில் வைத்திருப்பார்களாம். வாசிக்கிற நேரம் வந்ததும் பெட்டியைத் திறந்து, சுருளைக் கையில் ஏந்தி எல்லார் நடுவிலும் நடந்து போவார்களாம். அது கடந்து போகும்போது எல்லாரும் எழுந்து நின்று, தொட்டு முத்தமிடுவார்களாம். "ஆ பெட்டி துறக்குன்னது என்றெ ஜோலியா, அம்மே" என்றார். பெட்டியைத் திறப்பது தன் வேலை என்றால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப நீங்க அங்க கோயில்குட்டியா? முட்டை யாவாரின்னீயளே?" என்று கேட்டேன். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, அது மரியாதை, அதற்கு அங்கே ஆளுக்கு ஆள் போட்டி என்றார். பிறகு என்னைக் கைகாட்டி, "நிங்ஙளுக்கும் எனக்கும் ஒரே ஜோலி" என்றார்.

மகனே, அதற்கு முன்னால் என் வேலையை அந்த மாதிரி ஒருவரும் சொன்னதில்லை. உன் அப்பா வழியாக வந்த வேலை, வயிற்றுப்பாட்டுக்கு ஆயிற்று என்றுதான் நானே நினைத்திருந்தேன். நாம் கறையானுக்குப் பயந்து செய்ததைப் பார்த்து, தங்கள் பள்ளி வழக்கம் இந்த மலையடியில் எப்படி வந்தது என்று அவர் மலைத்துப் போயிருக்கிறார். நான் உண்மையைச் சொன்னேன். பரணைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கறையானாவது அந்த வழக்கத்தை ஞாபகம் வைத்திருக்கிறதே என்கிற மாதிரி தலையை ஆட்டிச் சிரித்தார். எஸ்தர் அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் குடும்பம் சீக்கிரமே கப்பலேறி இஸ்ரவேலுக்குப் போகிறதாம், பள்ளியில் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் போகிறார்களாம். "பின்னே ஆ வாதில் ஆரு துறக்கும்?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கதவை இனி யார் திறப்பார் என்று கேட்கிறார். இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

ஈசாக்கு புத்தகத்தைத் தொட்டு முத்தமிட்டதை உள்ளேயிருந்து இரண்டு மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. கோயில் மூப்பர் தேவசகாயம் அண்ணாச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, கோயிலையும் ஸ்டேஷன் மாதிரியே நடத்தியவர். "ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச கூட்டம், அவன் தொட்ட புஸ்தகத்தை நாம வாசிக்கணுமா? இவ எதுக்கு அவனுக்கு வீட்டுல காப்பி குடுத்தா?" என்று மேலகரம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த கமிட்டியில் என் வேலையைப் பற்றிப் பேசப்போவதாகவும் சொன்னார். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த வேலை போனால் கோயில் வளாகத்து வீடும் போகும், உன் பள்ளிக்கூடமும் போகும்.

அடுத்த ஞாயிறு ஈசாக்கும் எஸ்தர் அம்மாவும் மழைக்கு ஒதுங்க வரவில்லை. வேண்டுமென்றே வந்தார்கள். முகப்பில் உட்கார்ந்துகொண்டார்கள், உள்ளே வருகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. நான் புத்தகத்தோடு வருகிறேன், வாசலை அடைத்துக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார்.

"வே, தொப்பியைக் கழத்தும். இது கர்த்தருடைய ஆலயம். இங்கன தலையைத் தொறந்து வைக்கதுதான் மரியாதை."

ஈசாக்கு கைகூப்பிக்கொண்டு, "ஞங்ஙளுக்குத் தலை மூடியாலாணு மரியாதை, சாரே" என்றார்.

"ஆம்பிளை தலையை மூடதா? நீரு என்ன பொம்பிளையாவே?"

தூறல் வலுக்கிறது. ஓலைத் தடுக்கில் சொட்டிய தண்ணீர் துணியின் ஓரத்தில் விழுகிறது. உள்ளே குருவானவர் வெறுங்கையோடு மேடையில் நின்று வாசலைப் பார்க்கிறார். பாட்டு நின்றுபோய் எல்லாத் தலையும் திரும்பிவிட்டது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அண்ணாச்சி, வழி விடுங்க. புஸ்தகம் நனையுது" என்றேன். அவர் நகரவில்லை. "ஆரு தலையை மூடணும், ஆரு கழத்தணும்னு ஆண்டவர்கிட்ட நீங்க அப்புறம் கேட்டுக்கிடுங்க. இப்ப வழி விடுங்க" என்றேன். ஏட்டையாவை ஒரு பொம்பிளை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒதுங்கினார். ஈசாக்கு எழுந்து நின்று, துணியைத் தொட்டு, விரலை முத்தமிட்டார். எஸ்தர் அம்மாவுக்கு எட்டவில்லை. நான் பக்கத்தில் போய்ப் புத்தகத்தை நீட்டினேன்.

அப்போது உள்ளே ஒரு சத்தம். குருவானவர் மேடையை விட்டு இறங்கி நடுவில் வந்து நிற்கிறார். முன்வரிசையில் வடகரை விவசாயி ஒருவர் எழுந்தார், பிறகு பெண்கள் பக்கம் முழுக்க, பிறகு எல்லாரும். பாய் சுருட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. நான் சேலையெல்லாம் சேறோடு அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து போனேன். தேவசகாயம் அண்ணாச்சி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், அதனால் அவருக்கும் தோல்வி ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் குருவானவர் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை விட்டுவிட்டு வேறு பேசினார். நம் ஆண்டவர் தம் வழக்கப்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார், வாசிக்க எழுந்து நின்றார், ஏசாயாவின் சுருளைக் கையில் வாங்கினார், வாசித்தார், சுருட்டினார், அங்கே இருந்த பணிவிடைக்காரன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "நம்ம சங்கீதம், நம்ம ஆமென், நம்ம பாடம் வாசிக்கிற முறை, அதுக்கு அர்த்தம் சொல்லுகிற இந்தப் பிரசங்கம், எல்லாம் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கு நம்ம வாசல்ல உட்கார்ந்திருக்கிறார்" என்றார். பணிவிடைக்காரன் என்று அவர் சொன்னபோது கடைசிப் பாயில் நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பகுதியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்த ஆள் என் கண்ணில் பட்டதே இல்லை. ஆண்டவர் கையிலிருந்து சுருளை வாங்கியவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவனுக்குப் பெயர்கூட எழுதவில்லை. பரவாயில்லை, அவன் கை நீட்டினான், ஆண்டவர் கொடுத்தார். எனக்கு அது போதும். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இன்றுவரை இறங்கவில்லை, இறக்கி வைக்கிற எண்ணமும் இல்லை.

கமிட்டியில் என் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் சபையார் எழுந்தார்கள், ஒருவரும் சொல்லாமலே. சாரல் முடிந்து வெயில் வந்த பிறகும் எழுந்தார்கள். இன்றைக்கும் எழுகிறார்கள். ஈசாக்கும் எஸ்தர் அம்மாவும் போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. கதவைத் திறக்க அங்கே யாராவது இருக்கிறார்களா என்று சாரல் வந்தால் நினைத்துக்கொள்வேன்.

சபையார் முதல் தடவை எழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். நீ மறந்திருப்பாய். "யம்மா, நீ வரும்போது எல்லாரும் எந்திரிச்சாவளே, அது உனக்கா, புஸ்தகத்துக்கா?" நான் சொன்னேன், "புஸ்தகத்துக்குத்தாம்லே. ஆனா புஸ்தகம் எங்கையிலதான இருக்கு?" நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நீ தினமும் சாயங்காலம் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கச் சொல்லி வாசிக்கத் தொடங்கினாய். இன்றைக்கு அங்கி போட்டு நிற்கிறாயே, அதன் தொடக்கம் எந்தக் கல்லூரியிலும் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் நம் வீட்டுப் புகை வாசனைதான் அடிக்கும். மேடையில் விரித்துப் பார், தெரியும்.

படித்தவனுக்கு நான் என்ன புத்தி சொல்ல? இருந்தாலும் கடைசிப் பாயில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் என்கிற உரிமையில் இரண்டு சொல்கிறேன். பாடத்தை ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி வாசிக்காதே. இன்னொன்று, ஜெபத்தை நீ சொல், ஆமெனைச் சபையாருக்கு விட்டுவிடு. சில ஐயர்மார் அதையும் தாங்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்தான் வயலில் நிற்கிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் கோயிலில் இருக்கிற பங்கு. ஈசாக்கு வாசலில் உட்கார்ந்து அந்த ஆமெனைத்தான் சொன்னார். பெண் வீட்டார் வந்தால் அவர்களிடம் என்னைப் பற்றி மூடி மறைத்துப் பேசாதே. மணி அடிக்கிறவள் மகன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. அந்தப் பெண் நல்ல பெண் என்றால் அவளுக்கு அது பிடிக்கும்.

ஆகவே இதுதான் முடிவு. பீரோ நல்ல பீரோதான், கமிட்டிக்காரர்கள் ஆசையாய் வாங்கியது. பாத்திரங்களையும் அங்கியையும் அதில் வைக்கட்டும். இரும்பு சாரல் காலத்தில் வேர்க்கும், புத்தகத்தை அதில் வைத்தால் ஒரே வருஷத்தில் ஓரம் பூத்துவிடும். நீ வாங்கி வருகிற சேலையைத்தான் கட்டுவேன், சேறு படும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் மணி முடிந்ததும் சம்பந்தியம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் எழுந்து போவேன். புத்தகம் இப்போது கொஞ்சம் கனக்கிறது, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் தெரியாது. நீ பாடத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மேடையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. மூடு, என் கையில் கொடு, பிறகு உட்கார். ஆண்டவர் அப்படித்தான் செய்தார்.

இரண்டாம் மணி அடித்ததும் நான் வாசலுக்கு வருவேன். சபையார் எழுவார்கள், சம்பந்தியம்மாவும் எழுவார்கள், வெள்ளை அங்கியோடு நீயும் நேராக நிற்க வேண்டும். புத்தகத்துக்குத்தான் மகனே, எனக்குத் தெரியும். ஆனால் புத்தகம் என் கையில் இருக்கும்.

உன் அம்மா